கிணற்று மருந்தும் கள்ளு வினாகிரியும்

இயற்கை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. நான் வேலை செய்த காலத்தில் கிரேஸ் மிஸ் அந்தச் சொல்லை எங்கள் வகுப்பறைக்குள் அண்ட விட்டதில்லை. இப்போது அது இலையும் பூவும் வரைந்த ஒட்டுத்தாளில் ஏறிப் போத்தல் போத்தலாக விற்கிறது.

நான் பெண்களுக்கு வீட்டுக் கைத்தொழில் பழக்கும் அரச பயிற்சி நிலையமொன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். தையலும் பழப்பாகும் மற்ற ஆசிரியைகளுக்குப் போக, என் பங்குக்கு வந்தது சட்டி பானை மினுக்கும் தூள், நிலம் துடைக்கும் திரவம், கக்கூசு கழுவும் தண்ணீர். கலியாணம் பேச வந்தவர்கள் பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டால், அம்மா "கவுண்மேந்து உத்தியோகம்" என்பதோடு வாயை மூடிக்கொள்வார். எனக்கு அதில் வெட்கம் இருந்ததில்லை. கழுவாத வீடு என்று ஒன்று எங்கேயும் இல்லையே.

என் கதிரையில் இப்போது இருக்கும் சுகன்யா கெட்டிக்காரப் பிள்ளை. போன கிழமை உரும்பிராயில் எங்கள் வீட்டுக்கு வந்து, தொலைபேசியில் ஒரு வீடியோ காட்டினாள். அப்பச்சோடாவின் மேல் தேசிக்காய்ப் புளியை ஊற்ற நுரை பொங்குகிறது. பின்னால் பாட்டு வேறு.

"ரீச்சர், இனி இப்பிடித்தான் பழக்கப்போறம். ஒரு கெமிக்கலும் இல்லை. குழந்தைப் பிள்ளையள் இருக்கிற வீட்டுக்கும் பயமில்லை" என்றாள்.

"பயமில்லை எண்டு ஆர் சொன்னது?"

"எல்லாரும் சொல்லுகினம்தானே."

புது வகுப்பின் தொடக்க நாளில் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டாள். பேச வரமாட்டேன், வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றேன். நாலு வார்த்தைக்கு மேலே போய்விட்டது.

வேலை கிடைத்தவுடன் கொழும்புக்கு அனுப்பிச் சில மாதம் பயிற்சி தந்தார்கள். அங்கே படித்தது ஒன்றும் யாழ்ப்பாணத்துத் தண்ணீருக்குச் சரிவரவில்லை. சுண்ணக்கல்லுக்குள்ளால் வருகிற தண்ணீர் எங்களுடையது. சவுக்காரம் போட்டால் நுரைக்காமல் தயிர் திரைந்ததுபோல நிற்கும். கேத்திலுக்குள்ளும் கக்கூசுப் பீங்கானிலும் வெள்ளைப் பாறை பிடிக்கும். கொழும்புக் குறிப்புகளை வைத்துக்கொண்டு முதல் வகுப்பில் நான் செய்து காட்டிய திரவத்தைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். கிரேஸ் மிஸ் சிரிக்கவில்லை. அடுத்த வகுப்புக்கு ஒவ்வொருவரும் தங்கள் கிணற்றில் ஒரு போத்தல் தண்ணீர் கொண்டு வரட்டும் என்று மட்டும் சொன்னார்.

அவர்தான் எங்கள் பொறுப்பாளர். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, மிஷன் விடுதியில் வளர்ந்து, தனியாகவே வாழ்ந்தவர். கஞ்சி போட்ட பருத்திச் சேலையைத் தோளில் ஊசி குத்தி உடுத்துவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். பதில் வரும்வரை இருப்பார். அந்த இருப்பைத் தாங்க முடியாமல் கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுவோம். எங்கள் எல்லாரையும் நீர் என்றுதான் கூப்பிடுவார். எந்த வீட்டுக்குப் போனாலும் வந்த வேலை முடியும்வரை தேத்தண்ணீர் குடிக்கமாட்டார்.

வந்த போத்தல்களை வாங்குப் பலகையில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் சவுக்காரத்தைச் சீவிப் போட்டுக் குலுக்கச் சொல்வார். யாருடைய தண்ணீர் நுரைக்கிறது, யாருடையது திரைகிறது என்று பெண்கள் தங்கள் கண்ணால் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் பாடம். திரைகிற தண்ணீருக்குப் பூந்திக்கொட்டை. கொட்டையை எடுத்துவிட்டுத் தோலை இரவில் ஊறப்போட்டு, காலையில் மெல்லிய நெருப்பில் அவித்து, ஆறிய பிறகு கையால் பிசைந்து துணியில் வடிக்க வேண்டும். எந்த உவர்த் தண்ணீரிலும் அது நுரைக்கும். ஆனால் சில நாளில் புளித்துவிடும், ஆகையால் கொஞ்சமாகச் செய்ய வேண்டும். சட்டிக்குத் தென்னம் பொச்சுச் சாம்பல், அரித்தது. பீங்கானில் பிடித்த வெள்ளைப் பாறைக்குக் கள்ளு வினாகிரி.

வினாகிரியில்தான் மிஸ் கூடுதலாக மினக்கெடுவார். கள்ளை மண்பானையில் விட்டு வாயை வெள்ளைத் துணியால் கட்டி, நிழலில் அசையாமல் வைக்க வேண்டும். மேலே ஆடை படரும். அவசரக்காரிகள் கிளறிப் பார்ப்பார்கள், கிளறினால் போச்சு. பதம் வந்துவிட்டதா என்று பார்க்க அவர் நாக்கில் வைக்கமாட்டார். வளவில் கிடக்கும் சுண்ணக்கல் ஒன்றை எடுத்து வந்து அதன் மேல் ஒரு சொட்டு விடுவார். கல் சீறிக் குமிழி விட்டால் சரி, இல்லையென்றால் பானை திரும்ப நிழலுக்குப் போகும். பிறகு அந்தக் கல்லைக் கழுவி, சொட்டு விட்ட இடத்தில் விழுந்த சிறு பள்ளத்தை எல்லாருக்கும் காட்டுவார்.

"கல்லைத் தின்னுற சாமான் இது. பனைமரத்திலை இருந்து வந்ததெண்டு ஏமாறாதேங்கோ" என்பார்.

குளிர்பானப் போத்தலில் எதையும் அடைக்க விடமாட்டார். வினாகிரிப் போத்தலின் கழுத்தில் சிவப்புச் சீலைத் துண்டு கட்டச் சொல்வார், எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களும் வீட்டில் இருப்பார்கள் என்பதற்காக. அதை விற்கும்போது ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டிய வசனம் ஒன்றும் இருந்தது: "தனியப் பாவியுங்கோ, வேறை ஒண்டோடையும் கலக்காதேங்கோ." இருபது வருடத்துக்கு மேலாக அந்த வசனத்தால் ஒரு கெடுதலும் வரவில்லை.

மயிலிட்டிக் கரையில் இராணுவம் பிடித்து வைத்திருந்த காணிகளை விடுவித்துச் சனம் திரும்பிப்போன பிறகு, எங்களை அங்கே வகுப்பு நடத்தக் கேட்டார்கள். அங்கே வந்தவர்தான் புஷ்பம். பிள்ளைப் பருவம் முதல் அகதி முகாமில் வளர்ந்து, முகாமிலேயே கலியாணம் கட்டி, முகாமிலேயே புருசனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். வகுப்பில் அவர் இருந்தால் மற்றவர்களுக்கு நித்திரை வராது.

"மிஸ், கள்ளை இப்பிடி மாதக்கணக்கா வைச்சுப் புளிக்கவிட என்ரை மனிசன் உயிரோடை இருந்தா விட்டிருக்கமாட்டார்" என்று சொல்லி மிஸ்ஸையே முகத்தைத் திருப்பிக்கொள்ள வைத்தவர். அது சிரிப்பை மறைக்கத்தான்.

மற்றப் பெண்கள் பழகினதோடு விட்டுவிட, புஷ்பம் அதைத் தொழிலாக்கிக்கொண்டார். கள்ளு எடுக்கிறவர்களிடம் ஒழுங்கு பேசி, பானைகள் வாங்கி, சிவப்புச் சீலை கட்டிய போத்தல்களைக் கூடையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். கடை அசிட்டின் மணம் ஒத்துவராதவர்கள் எல்லாரும் அவரிடம் வாங்கினார்கள். முதலில் வாங்கியது ராணி.

ராணியும் புஷ்பமும் முகாமில் பக்கத்துக் கொட்டில். ஒரே அடுப்பில் சமைத்த காலமும் உண்டு. தாய் தகப்பன் போன பிறகு ராணிக்கு மிஞ்சியது இரண்டு பேர்: பிரான்சுக்குப் போன தம்பி, தான் தூக்கி வளர்த்த தங்கச்சி ஜெயா. ஜெயாவுக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு. கடையில் விற்கும் அசிட்டால் கக்கூசு கழுவினால் அன்று முழுக்க மூச்சு இழுக்கும். அதனால்தான் ராணி புஷ்பத்திடம் வாங்கினார். தங்கச்சிக்காகத்தான் வாங்கினார், இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

அந்த வருடம் மாரி பிந்தித் தொடங்கி, தொடங்கியதும் விடாமல் கொட்டியது. கிணறுகள் நிரம்பி வழிந்தன. கக்கூசுக் குழிகளும் நிரம்பின. இரண்டும் எங்கே கலந்தன என்று யாருக்குத் தெரியும். வெள்ளம் வடிந்த பிறகு கிணறுகளை இறைத்து மருந்து போட ஆட்கள் வந்தார்கள். எங்கள் பக்கத்தில் குளோரின் தூளுக்குக் கிணற்று மருந்து என்றுதான் பெயர். காய்ச்சல் குளிசையை மருந்து என்பதுபோல அதையும் மருந்து என்றே நினைத்துப் பழகியவர்கள் நாங்கள். கிணற்றடியிலும் வெள்ளம் நின்ற இடங்களிலும் தூவச் சொல்லி வீட்டுக்கு வீடு ஒரு பையும் தந்துவிட்டுப் போனார்கள்.

ராணியின் வீட்டில் தம்பி அனுப்பிய காசில் கட்டிய குளியலறை வீட்டுக்குள்ளேயே இருந்தது. பழைய நாளில் கக்கூசு வளவின் மூலையில், காற்றோட்டமாக இருக்கும். இது படுக்கையறையை ஒட்டிய சின்ன அறை. மேலே ஒரு கண்ணாடி யன்னல், அதுவும் நுளம்புக்காக எப்போதும் சாத்தியபடி. வெள்ளம் அதற்குள்ளும் வந்திருந்தது. ஒரு காலை ராணி அந்த ஈர நிலத்தில் கிணற்று மருந்தை அள்ளித் தூவிவிட்டு, ஊறட்டும் என்று விட்டு, நிவாரணச் சாமான் வாங்கப் போய்விட்டார். வரிசை நீளம். வீட்டில் இருந்த ஜெயா, அக்கா களைத்து வருவாள், அதற்குள் அந்த அறையைக் கழுவி வைப்போம் என்று நினைத்திருக்கிறாள். சிவப்புச் சீலை கட்டிய போத்தலை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள். ஊத்தைத் தண்ணீர் படுக்கையறைக்குள் வராமல் இருக்கக் கதவைச் சாத்தியிருக்கிறாள்.

ராணி வந்து கதவைத் தள்ளியபோது கதவு திறக்கவில்லை. தங்கச்சி உள்ளே கதவுக்குக் குறுக்கே கிடந்தாள்.

எங்களுக்குச் செய்தி வந்தது வேறு மாதிரி. புஷ்பத்தின் தண்ணீரைப் பாவித்த பெண் ஒருத்தி செத்துவிட்டாள், புஷ்பம் காசுக்காக அதற்குள் அசிட் கலந்திருக்கிறாள் என்றார்கள். தொய்வுக்காரி மூச்சு அடைத்துச் செத்தாள் என்று விசாரணை முடிந்திருந்தது. ஆனால் ஊரின் விசாரணை முடியவில்லை. செத்தவீட்டுக்குப் போன புஷ்பத்தை ராணி பெட்டிக்குக் கிட்ட வர விடவில்லை. "என்ரை பிள்ளையைச் சாக்கொண்டுபோட்டுப் பாக்க வந்தனியோ?" என்று கத்தியதை எல்லாரும் கேட்டிருந்தார்கள். அடுத்த நாளே வாங்கிய போத்தல்களைச் சனம் கொண்டுவந்து புஷ்பத்தின் வேலியோரம் வைக்கத் தொடங்கியது. வேலிப் படலையை யாரும் தட்டவில்லை. வைத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு கிழமை கழித்துத்தான் நானும் மிஸ்ஸும் பஸ்ஸில் போனோம்.  புஷ்பம் கலந்திருப்பாரோ என்ற சந்தேகம் எனக்கும் வராமல் இல்லை. மிஸ் எதையும் சந்தேகிக்கவுமில்லை, நம்பவுமில்லை. பார்க்காமல் அவர் இரண்டையும் செய்யமாட்டார்.

முதலில் புஷ்பம் வீடு. வேலியோரப் போத்தல்களில் சிலதை எடுத்து, ஒவ்வொன்றாகத் திறந்து, கையால் விசிறி மணத்தைப் பிடித்தார். சுண்ணக்கல் பொறுக்கிச் சொட்டு விட்டார். எல்லாம் ஒரே மாதிரிச் சீறின.

"வினாகிரிதான். நல்ல வினாகிரி" என்றார். பிறகு புஷ்பத்தைப் பார்த்து, "விக்கேக்கை சொல்ல வேண்டியதைச் சொன்னனீரோ?" என்று கேட்டார்.

"சொல்லாமல் ஒண்டும் குடுக்கேல்லை மிஸ். ஜெயாவே என்ரை குரலிலை அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பாள்" என்றார் புஷ்பம். 

அங்கிருந்து ராணி வீட்டுக்குப் போனோம். ராணி சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். உறவுக்காரப் பெண் ஒருவர் எங்களைக் குளியலறைக்குக் கூட்டிப்போனார். செத்த நாளுக்குப் பிறகு யாரும் அதற்குள் போகவில்லை. மிஸ் வாசலில் நின்று, தும்புத்தடியால் கண்ணாடி யன்னலைத் தள்ளித் திறந்தார். காற்று வரட்டும் என்று கொஞ்சநேரம் நின்றார். பிறகு குனிந்து நிலத்தைப் பார்த்தார். பீங்கானுக்குப் பின்னால், தும்புத்தடி எட்டாத மூலையில், வெள்ளையாக ஒன்று காய்ந்து கிடந்தது. சுண்ணப் பாறைதான் என்று நான் நினைத்தேன். மிஸ் அதைக் கரண்டியால் சுரண்டிக் கூரை ஓட்டுத்துண்டு ஒன்றில் எடுத்தார். நிமிர்ந்தபோதுதான் யன்னல் விளிம்பில் இருந்த கிணற்று மருந்துப் பையை இருவரும் கண்டோம். வாயை மடித்துத் துணிக்கவ்வி போட்டு ஒழுங்காக வைத்திருந்தது. பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது.

பின்வளவில், காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நிற்கச் சொல்லிவிட்டு, மிஸ் ஓட்டின் மேல் வினாகிரி சில சொட்டு விட்டார். சுரண்டியெடுத்தது ஒரு நுள்ளுத்தான். அப்படியிருந்தும் அந்த நெடி எட்டி வந்து மூக்கையும் கண்ணையும் அறைந்தது. எனக்கு இருமல் வந்து நிற்கவில்லை. வெளியில், காற்றில், தொய்வு இல்லாத எனக்கு அப்படி. சாத்திய அறையில் ஒரு போத்தல் முழுவதும் ஊற்றியவளை நினைத்துப் பார்த்தேன். நினைத்திருக்கக் கூடாது.

ஒருவரும் ஒன்றையும் கலக்கவில்லை. எங்கள் வசனத்தை யாரும் மீறவில்லை. அக்கா ஒன்றைத் தூவினாள், தங்கச்சி ஒன்றை ஊற்றினாள், அவ்வளவுதான். கிணற்று மருந்து கிணற்றுக்கு உரியது, அதைக் கழுவுகிற சாமானோடு சேர்த்து எண்ண அந்தக் கரையில் யாருக்கும் தோன்றியிருக்காது.

திரும்பிப் புஷ்பத்திடம் வந்து மிஸ் உள்ளதைச் சொன்னார். புஷ்பம் கேட்டுவிட்டு நிலத்தில் இருந்துவிட்டார். தன் பெயர் தப்பியதே என்று அவர் மூச்சு விடுவார் என எதிர்பார்த்தேன்.

"ராணிக்குச் சொல்லாதேங்கோ மிஸ்" என்றார்.

மிஸ் வேலியோரப் போத்தல்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"நான்தான் சாக்கொண்டனான் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கட்டும். எனக்கென்ன, நாளைக்குக் கணவாய் மீன் காயவைச்சுச் சீவிப்பன். அவ தூக்கி வளர்த்த பிள்ளை மிஸ். தன்ரை கையாலை எண்டு தெரிஞ்சா அவ இருக்கமாட்டா."

"உம்மடை போத்தல் எத்தினை வீட்டிலை இன்னும் இருக்கு?" என்று கேட்டார் மிஸ்.

"கொஞ்சப் பேர் கொண்டு வந்து வைச்சிட்டினம். மற்ற வீடுகளிலை இருக்கு."

"அந்தத் தூள்?"

புஷ்பத்துக்கு விளங்கிவிட்டது. எனக்கும் விளங்கியது. தூள் எல்லா வீட்டிலும் இருந்தது. வெள்ளம் வடிந்த எல்லா வீட்டிலும் கழுவல் இன்னும் நடந்துகொண்டிருந்தது. ஊரைக் கூட்டிச் சொல்லத்தான் வேண்டும். ஊருக்குச் சொன்னால் ராணிக்குத் தெரியாமல் போகாது.

"பேர் சொல்லாமல் சொல்லுவம் மிஸ். முப்பத்தோராம் நாள் காரியம் முடிஞ்ச பிறகு ராணிக்கு ஆறுதலாச் சொல்லலாம்" என்றேன்.

"பேர் சொல்லாட்டி அவவுக்கு விளங்காதோ, தவமணி? நாலுபேருக்கை இருந்து விளங்கிறது நல்லதோ?" என்று கேட்டுவிட்டு மிஸ் வழக்கம்போல இருந்தார்.  புஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சத்தமாகவே.

நாங்கள் திரும்பிப் போனபோது ராணி எழும்பிக் குசினிப் படியில் இருந்தார். முன்னால் சுளகில் முருங்கைக்கீரை கிடந்தது. கை தன்பாட்டில் இலையை உருவிக்கொண்டிருந்தது. மிஸ் அவர் பக்கத்தில், அதே படியில், அந்தக் கஞ்சிச் சேலையோடு இருந்தார். அப்படி அவர் நிலத்தோடு இருந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சுற்றி வளைக்கவில்லை. நடந்ததை அப்படியே, சின்னச் சின்ன வசனமாகச் சொன்னார்.

ராணி கோபிக்கவில்லை. விளங்காத பாடத்தைக் கேட்கும் பிள்ளைபோலக் கேட்டார்.

"தூள் துப்புரவாக்கத்தானே மிஸ் தந்தவை?"

"ஓம்."

"புஷ்பத்தின்ரை தண்ணியும் துப்புரவாக்கத்தானே?"

"ஓம்."

"பிறகென்ன?"

"தனித்தனிய ரெண்டும் நல்லது. ஒண்டுக்கு மேலை ஒண்டு விழுந்தா நச்சுப் புகை வரும்."

"நான் கலக்கேல்லையே."

"இல்லை. நீர் கலக்கேல்லை. அவவும் கலக்கேல்லை."

கை நின்றுவிட்டது. "காலமை போட்டிட்டுப் போகேக்கை அவள் படுத்திருந்தவள்" என்றார் ராணி. "இரவு முழுக்க இருமினவள், எழுப்புவான் ஏனெண்டு சொல்லாமல் போயிட்டன். என்னண்டு சொல்லுறது மிஸ்? தூள் போட்டிருக்கிறன் எண்டு எழுப்பிச் சொல்லவேணுமெண்டு ஆருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் தோன்றேல்லை" என்றார் மிஸ்.

 உறவுக்காரப் பெண் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், அது ஆறியது. பிறகு ராணி மிஸ்ஸின் முகத்தை நேரே பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் எனக்குக் கண்ணை விட்டுப் போகவில்லை.

"புஷ்பத்திலை கோபம் இருந்தது மிஸ். அந்தக் கோபத்திலைதான் எழும்பி முகம் கழுவினனான், ரெண்டு வாய் சோறும் தின்னனான். இனி நான் ஆரைக் கோபிக்கிறது?"

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது மிஸ்ஸின் வழக்கம். அன்றைக்கு ராணி காத்திருந்தார்.  மிஸ் ராணியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார், ராணி அதை இழுத்துக்கொண்டார்.

கூட்டம் அடுத்த நாள் பின்னேரம் சனசமூக நிலையத்து முற்றத்தில். மிஸ் எல்லாரையும் காற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, ஓட்டில் ஒரு நுள்ளுத் தூளும் சில சொட்டு வினாகிரியும் விட்டுக் காட்டினார். பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்கள். "ஒரு வீட்டிலை" என்று மிஸ் தொடங்கியபோது, பின்னால் நின்ற ராணி, "என்ரை வீட்டிலை" என்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, எப்போது வந்தார் என்றும் தெரியாது. "நான் தூளைப் போட்டிட்டு அவளுக்குச் சொல்லாமல் போனனான். புஷ்பத்திலை ஒரு பிழையும் இல்லை" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். புஷ்பம் பின்னால் ஓடினார். ராணியின் படலை சாத்தியிருந்தது.

 நல்லகாலம், பிறகு அந்த ஊரில் எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வசனத்தையும் மாற்றினோம். "கழுவமுந்தி, அங்கை ஆர் என்ன போட்டவை எண்டு கேளுங்கோ. கேட்டிட்டு, நிறையத் தண்ணி ஊத்தி, கதவைத் திறந்து விட்டிட்டுத் தொடங்குங்கோ." நான் ஓய்வு பெறும்வரை எல்லா வகுப்பிலும் இதுதான் முதற் பாடம். இதைத்தான் சுகன்யாவின் வீடியோவில் நான் காணவில்லை. பயமில்லை என்று சொல்லிப் பழக்கினால் யார் கேட்கப் போகிறார்கள்?

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் மிஸ் ஒரேயொரு தடவைதான் வாய் திறந்தார்.

"அவ கேட்டதுக்கு உமக்கு மறுமொழி தெரியுமோ, தவமணி?"

"தெரியாது மிஸ்."

"எனக்கும் தெரியாது" என்றார். அந்த வருடத்தோடு அவர் ஓய்வு பெற்றார்.

புஷ்பத்தின் பெயர் சுத்தமாகிவிட்டது, ஆனால் போத்தலை யாரும் திரும்ப வாங்கவில்லை. குற்றம் இல்லைத்தான், இருந்தாலும் அந்தச் சிவப்புச் சீலையைக் கண்டால் சனத்துக்கு ஜெயாவின் நினைவு வந்தது. அவர் பானைகளைக் கவிழ்த்துவிட்டுக் கணவாய் காயவைக்கப் போனார். போன வருடம் ஒரு கலியாணத்துக்கு அந்தப் பக்கம் போனபோது அவரைத் தேடிப் போனேன். கரையில் வலை விரித்துக் கணவாயைப் பரப்பிக்கொண்டிருந்தார். குரல் பாதியாகிவிட்டது.

"ராணி உம்மோடை கதைக்கிறாவோ?" என்று கேட்டேன்.

"இல்லை ரீச்சர்." கணவாயைத் திருப்பிப் போட்டபடி சொன்னார். "செத்தவீடு முடிஞ்ச கையோடை, நீங்கள் வந்து சொல்லும்வரைக்கும், பின்னேரம் பின்னேரம் என்ரை படலையிலை வந்து நிண்டு ஏசுவா. ஏசி ஏசி அழுவா. நான் உள்ளுக்கை இருந்து கேட்டுக்கொண்டு அழுவன். ரெண்டு பேரும் சேந்துதான் அழுதனாங்கள். இப்ப அவ தனிய அழுகிறா."